கே.ஜி.எஃப்: சயனைடு மேடுகளை அள்ளும் முன் எதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும்? போர்கள் விட்டுப்போன தடயங்களைத் தேடுவது எப்படி?

கோலார் தங்கவயலில் உள்ள 13 சுரங்கக் கழிவு மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊர்க்காரர்கள் 'சயனைடு மேடு' என்று சொல்லும் அந்த மண்மலைகள்தான் இவை. மொத்தப் பரப்பு சுமார் 1,003 ஏக்கர். அதில் குவிந்து கிடக்கும் கழிவு சுமார் 3.3 கோடி டன்.

இந்த எண் எவ்வளவு பெரியது என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கே.ஜி.எஃப் நகரத்தில் 1.6 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். கழிவை அவர்களுக்குச் சமமாகப் பங்கு போட்டால், கைக்குழந்தை முதல் பாட்டி வரை தலைக்கு சுமார் 200 டன் வரும்.

இதில் எவ்வளவு தங்கம் கிடைக்கும், யாருக்கு வேலை கிடைக்கும், தூசிக்கு என்ன வழி என்பதெல்லாம் பேசப்படுகிறது. பேச வேண்டியதும்தான். ஆனால் இன்னொரு கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இந்த நிலத்தில் 200 ஆண்டு வரலாறு கிடக்கிறதே, மண்ணை அள்ளுவதற்கு முன்னால் அதை யார் குறித்துவைக்கப் போகிறார்கள்?

சுரங்கத்தின் கதை பலருக்கும் ஓரளவு தெரியும். போர்களுக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாகத் தெரியாது. அதைப் பார்க்கலாம். கூடவே, உங்கள் ஊரிலும் இப்படித் தேட முடியுமா, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்கலாம்.

கே.ஜி.எஃப்புக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே குண்டு விழவில்லை, படை எடுத்து யாரும் வரவில்லை. அப்புறம் எப்படி? இந்த ஊரின் தொடக்கத்தைப் பார்த்தால் மூன்று ராணுவத்தினர் வரிசையாக வருகிறார்கள்.

முதல் ஆள் லெப்டினன்ட் ஜான் வாரன். பிரெஞ்சு வம்சாவளியைச் சேர்ந்தவர், பிரிட்டிஷ் படையின் 33-வது படைப்பிரிவில் இருந்தவர். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, மைசூர் நிலப்பகுதிகளை அளக்கும் வேலை தொடங்கியது. அந்த வேலையாகத்தான் 1802-ல் வாரன் கோலார் பக்கம் வந்தார். மண்ணில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு காதில் விழ, காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர் மக்கள் மாட்டு வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாலேயே அலசிக் காட்டினார்கள். சுமார் 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெய்ன், அதாவது 0.065 கிராம் தங்கம் கிடைத்தது என்பது அவர் கணக்கு.

இரண்டாவது ஆள் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லவெல். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு பெங்களூருவில் குடியேறிய அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் இருந்தபோதே தங்கத்தின் மேல் ஆர்வம் ஒட்டிக்கொண்டது. வாரன் எழுதி 1804-ல் வெளியான குறிப்பை 1871-ல் படித்துவிட்டு, கோலாருக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். 1875-ல் உரிமம் வாங்கினார். பெங்களூருவின் லவெல் ரோடு இவர் பெயரில்தான் இருக்கிறது. உரிமம் கைமாறி, 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்திடம் போன பிறகுதான் ஆழச் சுரங்கம் வந்தது.

மூன்றாவது ஆள் ஜோலி டி லோட்பினியர். கனடாவில் பிறந்த ராணுவப் பொறியாளர். சிவனசமுத்திரத்தில் காவிரி நீரில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்குக் கொண்டுவந்த திட்டத்தின் பின்னால் இருந்தவர் இவர். பெங்களூரு தெருவிளக்குக்கு மின்சாரம் வந்தது 1905-ல்தான். இதே ஆள் 1915-ல் கல்லிப்போலி போர்முனையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தார்.

ஆக, இந்த ஊரைக் கண்டுபிடித்தவர், உரிமம் வாங்கியவர், மின்சாரம் கொண்டுவந்தவர் மூவருமே போர்களோடு பிணைந்தவர்கள். அப்போ சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள்? வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த, பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள். 1891-ல் 7,085 ஆக இருந்த மக்கள்தொகை 1901-ல் 38,204 ஆனது. பத்தே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேல். மேலே சொன்ன மூவரின் பெயர், பதவி, பயணம் எல்லாம் அச்சில் இருக்கிறது. இந்த 38,000 பேரின் பெயர்கள் எங்கே? தங்கவயலில் வரலாறு தேடுகிற எவரும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

முதல் உலகப்போர் இங்கே என்ன விட்டுப்போனது?

முதலில் படை. 1903-லிருந்து இங்கே சுரங்கத்துக்கென்றே ஒரு தன்னார்வத் துப்பாக்கிப் படை இருந்தது. ஐரோப்பிய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியர்களும்தான் இதில் இருந்தார்கள். 1917-ல் இந்தியாவில் இருந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்களுக்கு ராணுவ சேவை கட்டாயமாக்கப்பட்டபோது, இது 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் பட்டாலியன்' ஆனது. 1920-க்குப் பிறகு துணைப்படையாகத் தொடர்ந்து, 1947-ல் கலைக்கப்பட்டது. சீருடைப் பொத்தான், தொப்பிச் சின்னம், பதக்கம், துப்பாக்கி சுடும் போட்டிக் கோப்பை போன்றவை இப்படிப்பட்ட படைகள் வழக்கமாக விட்டுப்போகும் தடயங்கள். பழைய பொருள் சந்தையில் இவற்றுக்கு நல்ல விலை உண்டு. அதனால்தான் 'போர்க்கால நினைவுப் பொருள்' என்றதும் எல்லோரும் இவற்றையே தேடுகிறார்கள்.

அடுத்தது தங்கம். போர் தொடங்கிய 1914-லேயே பிரிட்டன் சவரன் நாணயத்தைப் புழக்கத்திலிருந்து ஓரங்கட்டி, காகித நோட்டுக்கு மாறியது. 1917-ல் இந்தியாவுக்குள் வரும் தங்கத்தை அரசுக்கே விற்க வேண்டும் என்று அவசரச் சட்டம் வந்தது. கப்பலில் தங்கத்தை அனுப்புவது ஆபத்து, இங்கேயோ நாணயத் தட்டுப்பாடு. அதனால் 1918 ஆகஸ்டில் பம்பாயில் ராயல் மின்ட் கிளை திறக்கப்பட்டது. அங்கே அச்சான சவரன்களில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்துக் குறி இருக்கும். சுமார் 13 லட்சம் நாணயங்கள். ஒரு சவரனில் 7.32 கிராம் சுத்தத் தங்கம் என்று வைத்தால், மொத்தம் சுமார் 9.5 டன். 1919-லேயே அந்தக் கிளை மூடப்பட்டது.

உங்கள் வீட்டில் 1918-ம் ஆண்டு போட்ட சவரன் இருந்தால், லென்ஸ் வைத்து அந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் உங்கள் கையில் இருப்பது ஒரு உலகப்போர்ச் சான்று. 'அதில் இருப்பது எங்க ஊர் தங்கமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். உருக்கிய தங்கத்துக்கு ஊர் கிடையாது.

இரண்டாம் உலகப்போர்?

இந்தப் போரின் மிகக் கனமான தடயம் கையால் தொட முடியாத இடத்தில் இருக்கிறது. தொழிலாளர்களின் நுரையீரலில்.

பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகும். இதுதான் சிலிகோசிஸ். 1940 முதல் 1946 வரை, ஐரோப்பாவிலும் பர்மாவிலும் போர் நடந்த ஆண்டுகளையும் சேர்த்து, தங்கவயலில் 7,653 தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். பத்தில் நான்கு பேருக்கும் மேல் சிலிகோசிஸ் இருந்தது. 1947-ல் வெளியான இந்த முடிவுகள்தான் இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய முதல் பெரிய அறிக்கை. மருத்துவ மாணவர்கள் இன்றும் பாடப்புத்தகத்தில் 'கோலார் 1947' என்று படிக்கிறார்கள். அந்த 7,653 பேரில் ஒருவர் உங்கள் தாத்தாவாக இருக்கலாம். புத்தகத்தில் சதவீதம்தான் இருக்கும், பெயர் இருக்காது.

இதற்கும் பின்னால் ஒரு கதை உண்டு. 1930-ல் தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் கட்டாயப்படுத்தியது. குற்றவாளிகளைப் பதிவு செய்கிற மாதிரி எங்களைச் செய்வதா என்று கொதித்து, சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிகாரிக்குப் பதக்கம், தொழிலாளிக்குக் கைரேகை. யாருடைய தடயம் எந்த வடிவத்தில் மிஞ்சும் என்பதை இந்த ஒரு ஒப்பீடு சொல்லிவிடும்.

இது தங்கவயலில் மட்டும் நடப்பதல்ல. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், சயாம்-பர்மா ரயில் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் சுமார் 90,000 ஆசியத் தொழிலாளர்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதில் ஏராளமானோர் மலாயாத் தோட்டத் தமிழர்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை.

பெயர்களைத் தேட ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

வீட்டில் உட்கார்ந்தே தொடங்கலாம்.

ஒன்று, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளம். இலவசம். தேடல் முடிவை அட்டவணைக் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். 'கூடுதல் தகவல்' என்ற பகுதியில் பல இந்திய வீரர்களுக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் இருக்கும். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள 1914-1918 நினைவுச் சின்னத்தில், இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன 1,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் இடுகாட்டில் கல் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கே ஒரு டிப்ஸ்: ஊர்ப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். 'உரிகம்' என்பதைப் பிரிட்டிஷ் ஆவணங்கள் குறைந்தது மூன்று விதமாக எழுதியிருக்கின்றன. மாரிக்குப்பம், பங்காரப்பேட்டை எல்லாமே அப்படித்தான். பங்காரப்பேட்டைக்கு அப்போது 'பவுரிங்பேட்டை' என்று பெயர். எல்லா வடிவங்களையும் ஒரு பட்டியலாகப் போட்டு வைத்துக்கொண்டு தேடுங்கள்.

இரண்டு, பெங்களூரு விதான சவுதாவில் உள்ள கர்நாடக அரசு ஆவணக் காப்பகம். மைசூர் சமஸ்தான காலத்துக் கோப்புகள் இங்கே இருக்கின்றன. ஆராய்ச்சியாளர் ஜானகி நாயர், தங்கவயல் தொழிலாளர்கள் பற்றி 1998-ல் எழுதிய நூலின் அடிக்குறிப்புகளைப் பார்த்தால், எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பதே பாதி தெரிந்துவிடும்.

மூன்று, தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனி ஏடு இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலையும் எழுதும் வழக்கம் உண்டு. கம்பெனி எழுதாத பெயரைக் கோயில் ஏடு எழுதியிருக்கும்.

நான்கு, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி. டோக்கன், சம்பளச் சீட்டு, பி.எஃப். தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது வேலையில் இருந்தவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் 'உங்க அப்பா காலத்துப் போர் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் பெரிதாக எதுவும் வராது. 'அப்போ அரிசி எங்கிருந்து வந்துச்சு? ஒரு லைன் வீட்டுல எத்தனை பேர் இருந்தீங்க? யார் யார் இருமிக்கிட்டே இருந்தாங்க?' என்று கேளுங்கள். பதில் வரும்.

நிறுவனத்தின் ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்க முடியுமா?

முடியும். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் அது மத்திய அரசிடம் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. மத்திய அரசு நிறுவனம் என்பதால் இரண்டு சட்டங்கள் பொருந்தும்.

முதலாவது, பொது ஆவணங்கள் சட்டம் 1993. மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் ஆவணங்களையும் உரிய பரிசீலனை இல்லாமல் அழிக்கக் கூடாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1892-க்கு முந்தைய ஆவணம் என்றால், படிக்கவே முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தால் தவிர அழிக்கவே முடியாது. தங்கவயலில் ஆழச் சுரங்கம் 1880-களில் தொடங்கியது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு என்றால், தகவலை மறுக்கச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை செல்லாது. 'எல்லா ஆவணங்களும் வேண்டும்' என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. 'விபத்துப் பதிவேடு, பணியாளர் பதிவேடு எந்த ஆண்டுகளுக்கு உள்ளன, எங்கே வைக்கப்பட்டுள்ளன?' என்று குறிப்பாகக் கேளுங்கள். முதலில் பட்டியல், பிறகு பிரதி.

பழைய பொருள் கையில் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972-ன்படி 100 ஆண்டு பழைய பொருள் 'தொல்பொருள்'. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும்.

இதைப் போர்களோடு பொருத்திப் பார்ப்போம். முதல் உலகப்போர்க்காலப் பொருட்கள் எல்லாமே 100 ஆண்டைத் தாண்டிவிட்டன. இரண்டாம் உலகப்போர்க்கால ஆவணங்களும் 75 ஆண்டைத் தாண்டிவிட்டன. ஆனால் இரண்டாம் உலகப்போர்க்கால இரும்பு, பித்தளைப் பொருட்களுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு வர 2039-லிருந்து 2045 வரை ஆகும். அதுவரை பழைய இரும்புக் கடைக்குப் போனால் கேட்க ஆளில்லை. இந்த இடைவெளியில்தான் பல ஊர்களின் தடயங்கள் காணாமல் போகின்றன.

தொல்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்கு அடியில் கிடைத்தால், கர்நாடகத்தில் 1962-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். தோட்டா, குண்டு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் 112-ஐ அழையுங்கள். கைவிட்ட சுரங்கக் குழிகளில் இறங்காதீர்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுள்ள சுரங்கங்கள் அவை, தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. சயனைடு மேட்டில் ஏறி செல்ஃபி எடுக்கும் வேலையும் வேண்டாம்.

தனி மனிதர்கள் தேடி என்ன ஆகப் போகிறது?

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூருவில் 2017 வாக்கில் சில ஆர்வலர்கள், நூறாண்டுக்கு முன் 'எபிகிராஃபியா கர்நாடிகா' தொகுதிகளில் பதிவான கல்வெட்டுகள் இப்போது எங்கே என்று வரைபடத்தோடு தேடத் தொடங்கினார்கள். 2018-ல் ஹெப்பாளில் கிட்டய்யா என்ற வீரனின் நடுகல்லை மீட்டார்கள். காலம் கி.பி. 750 வாக்கில். 1,200 ஆண்டு தாக்குப்பிடித்த கல், கொஞ்சம் தாமதித்திருந்தால் ஜல்லியோடு ஜல்லியாகப் போயிருக்கும். இன்று மிதிக் சொசைட்டி அந்தக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறது.

கோலார் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு தொகுதி, பத்தாவது தொகுதி, 1905-ல் வெளியானது. நடுகற்களும் தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் பதிவாகியிருக்கின்றன. அதாவது போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறிக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சுரங்கத்தில் விழுந்தவனுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

இப்போ என்ன செய்யலாம்?

சயனைடு மேடுகளைத் தோண்ட வேண்டுமா என்பது பொருளாதார, சுற்றுச்சூழல் விவாதம். அது தனியாக நடக்கட்டும். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத வேலைகள் உண்டு. 13 மேடுகளையும் சுற்றியுள்ள கட்டடங்களையும் இடுகாடுகளையும் ட்ரோனில் படமெடுத்து வரைபடமாக்கலாம். கல்லறை எழுத்துகளை வரிக்கு வரி பதியலாம். மங்கிய எழுத்துக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுத்தால் போதும், தேய்த்துக் கழுவத் தேவையில்லை. விபத்து, சிலிகோசிஸ் பதிவேடுகளை ஸ்கேன் செய்யச் சொல்லி ஒப்பந்த நிபந்தனையிலேயே சேர்க்கலாம்.

இங்கே வேலைக்குப் போன பல எஞ்சினியர்களின் சொந்த ஊரான இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், கைவிட்ட சுரங்கங்கள் 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். தங்கவயலிலோ, அதிகாலை ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். வரலாற்றைத் தேட அவர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் இந்தப் பொறுப்பைத் தனி மனிதர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஒப்பந்தம் போடுகிற அரசுகளுக்கும் உண்டு.

ஆனால் ஒரு பெயரை எழுதி வைக்க ஒப்பந்தம் தேவையில்லை. தங்கவயலில் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்தார்கள், அதற்காக உடைத்த தாது சுமார் 5.1 கோடி டன். இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் இறங்கினார்கள், அவர்கள் பெயர் என்ன என்ற கணக்குதான் பாக்கி. உங்கள் வீட்டிலிருந்து இறங்கியவரின் பெயர், ஊர், எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்ற நான்கு விவரத்தை இன்றைக்கே எழுதி வையுங்கள். அவரைப் பார்த்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.